அம்பை உடனே பிடுங்காதீர்கள்!

மாயாலோகம் செய்வது எப்படி? – 11

தமிழில் மிகுபுனைவு நாவல் எழுதுகிற இளைஞர்களின் கைப்பிரதிகளில் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடுகிறது. நாயகனின் தோளில் அம்பு தைக்கிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிகிறான். நாயகி முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போடுகிறாள். காட்டில் ஏதோ பச்சிலை கிடைக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அதே கையால் கயிறு பிடித்துக் கோட்டைச் சுவர் ஏறுகிறான்.

டிராகன் பறப்பதை நம்புகிற வாசகன் இந்த இடத்தில் நம்ப மறுக்கிறான். டிராகனை அவன் பார்த்ததில்லை. தோள்பட்டை இறங்கிய சித்தப்பாவைப் பார்த்திருக்கிறான். ஒரு மாதம் அவரால் சட்டை மாட்ட முடியாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறான்.

எழுத்தாளர்கள் தோளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது உயிருக்கு ஆபத்தில்லாத இடம் என்ற நினைப்பு. காறை எலும்புக்குக் கீழே கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அதை ஒட்டியே கைக்கான நரம்புக் கற்றை முழுவதும் இறங்குகிறது. நுரையீரலின் நுனி காறை எலும்புக்குச் சற்று மேலே வரைக்கும் எட்டிப் பார்க்கிறது. அந்த இடத்தில் அம்பு பட்டால் ரத்தப்போக்கில் சாகலாம், கை விளங்காமல் போகலாம், மூச்சு முட்டலாம். எதுவும் ஆகாமல் பிழைத்தால் அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தையும் எழுதலாம். ஆனால் அது அதிர்ஷ்டம் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்பைத் தானே பிடுங்கிய ஒரு வீரனின் கதை ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நார்வே மன்னர்களின் வரலாற்றில் இருக்கிறது. 1030இல் ஸ்டிக்லெஸ்டாட் போர். மன்னன் ஓலாஃபின் அவைக்கவி தோர்மோட் இடப்பக்கத்தில் அம்பு வாங்கி, தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, காயம்பட்டவர்கள் கிடக்கும் கொட்டகைக்கு நடந்து வருகிறான். அங்கே வைத்தியம் பார்க்கிற பெண் கல்சட்டியில் வெங்காய இனப் பூண்டுகளையும் பச்சிலைகளையும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். வயிற்றில் குத்துப்பட்டவனுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு காயத்தை முகர்ந்து பார்ப்பாள். வெங்காய வாடை வந்தால் குடல் கிழிந்திருக்கிறது என்று பொருள். அவனை விட்டுவிட்டு அடுத்தவனிடம் போய்விடலாம். தோர்மோட் கஞ்சி வேண்டாம் என்கிறான். அவள் குறட்டால் இழுத்துப் பார்க்கிறாள், அம்பு வரவில்லை. சதையைக் கீறிவிடச் சொல்லி, குறட்டை வாங்கித் தானே இழுக்கிறான். அம்பின் கொக்கிகளில் சிவப்பும் வெள்ளையுமாக இதயத்தின் நார்கள் தொங்குகின்றன. மன்னன் நமக்கு நன்றாகத்தான் சோறு போட்டிருக்கிறான், நெஞ்சுக்குள் கொழுப்பு இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான்.

ஸ்னோரி சொன்னது அப்படியே நடந்ததா என்பது இருக்கட்டும். அந்தக் கஞ்சிச் சட்டி ஒன்று போதும், அந்தக் கொட்டகை முழுக்கக் கண்முன் வந்துவிடுகிறது. மருத்துவக் குறிப்பு ஒன்று கதைக்கு இப்படித்தான் உதவ வேண்டும்.

பிடுங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் ஜே. எச். பில், நியூ மெக்சிகோ பகுதியில் பூர்வகுடிகளின் அம்புகள் தைத்தவர்களுக்குச் சிகிச்சை செய்த அனுபவத்தை 1862இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அந்த அம்புகளின் முனை, விலங்கின் தசைநாரால் தண்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. ரத்தத்தில் நனைந்தால் நார் இளகிவிடும். தண்டை இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், முனை உள்ளேயே தங்கும். தங்கிய முனை சீழ் கட்டி ஆளைக் கொல்லும். தண்டை யாரும் தொடக்கூடாது என்பதே பில்லின் கண்டிப்பு. மருத்துவர் காயத்தை அகலப்படுத்தி, தண்டின் வழியாகவே விரலை உள்ளே விட்டு முனையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் இளவரசன் ஹென்றிக்கு நடந்ததும் இதுதான். 1403 ஜூலை 21, ஷ்ரூஸ்பரி போர். பையனுக்கு வயது 16. முகத்தில், மூக்கின் ஓரமாக அம்பு தைத்தது. யாரோ தண்டை இழுத்தார்கள், வந்தது. முனை ஆறு அங்குல ஆழத்தில், மண்டையோட்டின் பின்பக்க எலும்பில் குத்தி நின்றுவிட்டது. கெனில்வொர்த் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பெரிய மருத்துவர்கள் வந்து கஷாயங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக வந்தவர் ஜான் பிராட்மோர் என்ற லண்டன் அறுவைக்காரர். தான் செய்ததை அவர் ‘பிலோமினா’ என்ற லத்தீன் நூலில் எழுதி வைத்துவிட்டுப் போனதால் நமக்கு எல்லாம் தெரிகிறது.

பிராட்மோர் வந்ததும் கத்தியை எடுக்கவில்லை. எல்டர் என்ற மரத்தின் முதிர்ந்த கிளைக்குள் இருக்கும் உட்சோற்றைக் காயவைத்து, குச்சிகளாக்கி, சுத்தமான லினன் துணி சுற்றித் தைத்து, ரோஜாத் தேனில் ஊறவைத்து, காயத்தின் வாய்க்குள் செருகினார். பிறகு அதைவிடச் சற்றுப் பெரியது, அதன் பிறகு இன்னும் பெரியது. அறுக்காமலேயே, முனை கிடக்கும் இடம் வரை பாதை அகலமானது. அதற்குள் அவர் ஒரு கருவியையும் வடிவமைத்திருந்தார். அம்புத் தண்டின் பருமனே உள்ள சின்னக் குறடு, உள்ளே கூடு, நடுவில் ஒரு திருகாணி. குறட்டின் நுனியை அம்பு முனையின் குழிக்குள் நுழைத்துத் திருகாணியை முறுக்கினால் நுனிகள் விரிந்து உட்புறமாகக் கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்வி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். பையனுக்கு வலி எப்படி இருந்தது என்று பிராட்மோர் எழுதவில்லை. அதை எழுதுவது உங்கள் வேலை.

எடுத்ததோடு முடியவில்லை. பீச்சாங்குழலால் வெள்ளை ஒயினைப் பீய்ச்சிக் காயத்தைக் கழுவினார். ரொட்டி, பார்லி மாவு, தேன், டர்பன்டைன் சேர்ந்த களிம்பில் ஆளிநார்த் திரியை நனைத்து உள்ளே வைத்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை திரியின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். காயம் அடியிலிருந்து மேல் நோக்கி ஆற வேண்டும், வாய் முதலில் மூடிக்கொள்ளக் கூடாது என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் ஆழமான காயத்துக்கு மருத்துவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். ஜன்னி வந்து உடம்பு விறைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கழுத்துக்கும் தைலம் தடவிக்கொண்டிருந்தார். சுமார் இருபது நாளில் காயம் சுத்தமாயிற்று. கிருமி என்றால் என்னவென்றே அறியாத ஒருவர், தேனும் ஒயினும் கிருமியை அடக்கும் என்பதை அனுபவத்தில் பிடித்திருக்கிறார். பையன் 1413இல் ஐந்தாம் ஹென்றியாக முடிசூடி, 1415இல் அஜின்கோர்ட் போரை, அதுவும் வில்லாளிகளை வைத்தே, வென்றான்.

பழைய காலத்து வைத்தியன் என்றாலே மூடன் அல்லது மகான் என்று இரண்டே வார்ப்புகள்தான் நம் நாவல்களில் இருக்கின்றன. பிராட்மோர் இரண்டுமல்ல, பொறுமையும் கைவேலையும் தெரிந்த மனிதர். இப்படி ஒரு பாத்திரம் நாவலுக்குள் வந்தால் வாசகன் லேசில் மறக்க மாட்டான்.

பழுக்கக் காய்ச்சிய வாளைக் காயத்தில் அழுத்துகிற காட்சிக்கு ஒரு பத்தி போதும். சூடு போடும் வழக்கம் இருந்தது உண்மை. ஆனால் 1537இல் டூரின் படையெடுப்பில் இளம் பிரெஞ்சு அறுவைக்காரர் அம்புருவாஸ் பாரேவிடம், குண்டுக் காயங்களில் ஊற்றுகிற கொதிக்கும் எண்ணெய் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து தடவினார். இவர்கள் விஷம் ஏறிச் சாகப்போகிறார்களே என்று இரவு தூக்கம் வரவில்லை. விடியலில் போய்ப் பார்த்தால், களிம்பு தடவியவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்துக்கொண்டிருந்தார்கள். சூட்டுக்கோல் காட்சி வேண்டுமென்றால் வையுங்கள். மறுநாள் காலையையும் சேர்த்து எழுதுங்கள்.

சோழர் சாயலில் உலகம் படைக்கிறவர்கள் இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை. பதிற்றுப்பத்தில் பரணர், செங்குட்டுவனின் வீரர்களுடைய மார்புத் தழும்புகளைச் சொல்லும்போது, காயத்தைத் தைத்த நீளமான வெள்ளை ஊசியைக் காட்டுகிறார். மீனைத் தேடிக் குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியைப் போல ஊசி சதைக்குள் போய் வெளியே வருகிறதாம். தையல் போடுவதை நேரில் பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் காயம்பட்டவன் கிடக்கும் வீடு வருகிறது. வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, மணி அடித்து, நறும்புகை போட்டு, காஞ்சிப் பண் பாடிப் பெண்கள் காவல் இருக்கிறார்கள். நம்பிக்கையும் மருந்தும் ஒரே வீட்டில், ஒரே புகையில். மிகுபுனைவு எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுசுருத சம்ஹிதையில் எலும்பில் சிக்கிய அம்பை எடுக்க ஒரு வழி சொல்லியிருக்கிறது. ஆளை அசையாமல் கட்டிப்போட்டு, அம்பை வில்லின் நாணோடு பிணைத்து, நாணின் மறுமுனையைக் குதிரையின் கடிவாளத்தில் கட்டுவார்கள். குதிரையைச் சவுக்கால் அடித்தால் அது தலையை வெடுக்கென்று தூக்கும், அம்பு வந்துவிடும். குதிரை கிடைக்காவிட்டால் வளைத்துக் கட்டிய மரக்கிளை. படித்துவிட்டு அன்று முழுக்க என் காறை எலும்பைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

மருத்துவமனை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போங்கள். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 1060களைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலை, 15 படுக்கைகள். போர்க்கள மருத்துவமனை அல்ல, அந்தக் கோயிலில் தங்கிப் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமானது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக் கிரியை, அதாவது அறுவை, செய்பவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், தண்ணீர் கொண்டுவர ஒருவர், இரவு முழுக்க எரிய விளக்குக்கு எண்ணெய். இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம் என்று நீள்கிறது.

அந்தச் சம்பளத்தைக் கவனியுங்கள். நாடி பிடிப்பவருக்குக் கிடைக்கும் நெல்லில் மூன்றில் ஒரு பங்குதான் கத்தி பிடிப்பவருக்கு. கெனில்வொர்த்திலும் கஷாயம் கொடுத்த பெரியவர்கள் தோற்ற பிறகுதானே அறுவைக்காரர் வந்தார்? உங்கள் நாவலின் அரண்மனையில் ராஜவைத்தியருக்கும் அறுவைக்காரருக்கும் நடுவில் ஒரு புகைச்சலை இந்தக் கல்வெட்டே எடுத்துக் கொடுக்கிறது.

விஜயாலய சோழன் உடம்பில் 96 விழுப்புண்கள் என்பதை வீரக்கணக்காகவே சொல்லிவந்திருக்கிறோம். 96 தடவை யாரோ கழுவி, தைத்து, கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. அந்த யாரோ ஒருவரைப் பற்றி ஒரு நாவல்கூட என் கண்ணில் படவில்லை.

பின்மண்டையில் ஓர் அடி, ஆள் மயக்கம், விழித்தால் பாதாளச் சிறை என்ற உத்தியையும் கைவிடுங்கள். தலையில் அடிபட்டவர் சில நிமிடங்களுக்கு மேல் நினைவு திரும்பாமல் கிடந்தால் மூளைக்குச் சேதம் என்று பயப்பட வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து எழுந்து வாள் சுழற்ற மாட்டார்; வாந்தி எடுப்பார். வயிற்றில் குத்துப்பட்ட வில்லன் உடனே சாக மாட்டான். குடல் கிழிந்தவன் சாக நாட்கள் ஆகலாம். அதுவரை பேசுவான், திட்டுவான், தண்ணீர் கேட்பான்.

எங்கள் உலகத்தில் மந்திரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். மந்திரம் தோலை மூடினால் உள்ளே கிடக்கும் அம்பு முனை என்ன ஆகும்? டோல்கியன் இதை யோசித்திருக்கிறார். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் ஃபிரோடோவுக்கும் இடது தோளில்தான் குத்து. அக்டோபர் 6ஆம் தேதி. கத்தியின் ஒரு துணுக்கு உள்ளே ஒடிந்து தங்கி, இதயத்தை நோக்கி நகர்கிறது. எல்ராண்ட் என்ற மகாவைத்தியர் அதை வெளியே எடுப்பதற்குள் 17 நாள் ஓடிவிடுகிறது. அதன் பிறகும் ஒவ்வோர் அக்டோபர் 6ஆம் தேதியும் வலி திரும்ப வருகிறது. டோல்கியன் 1916இல் சோம் போர்முனையில் இருந்து, பதுங்குகுழிக் காய்ச்சலோடு ஊர் திரும்பியவர். ஆறாத காயம் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இன்னும் கொடூரம்: அவர் நாவலில் மாபெரும் வீரனான துரோகோவை நெஞ்சில் பட்ட ஒரு வெட்டு சீழ் பிடித்து வீழ்த்துகிறது.

ஆகவே ஒரு சின்ன வேலை. உங்கள் நாவலில் காயம்பட்ட ஒரு பாத்திரத்தை எடுத்து, தனித்தாளில் தேதி போடுங்கள். முதல் நாள் ரத்தம். மூன்றாம், நான்காம் நாள் காய்ச்சலும் சீழும் வரும் நேரம். ஜன்னி வருவதானால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள். தொடையெலும்பு முறிந்திருந்தால் மூன்று மாதம் படுக்கை. ஒவ்வொரு தேதியிலும் அவன் பக்கத்தில் யார் இருந்தார், என்ன கொடுத்தார், எதற்குப் பயந்தார் என்று எழுதுங்கள். கோட்டைச் சுவரை அவனால் ஏற முடியாது என்று தெரிந்தால், வேறொருவரை ஏறச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் நஞ்சு. அரண்மனையில் பாலைக் குடித்ததும் நீலம் பாரித்துச் சுருண்டு விழுகிற இளவரசர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.