தவணை தவறாதவருக்கு ஏன் இத்தனை அழைப்புகள்?

பினாங்கின் ஜெலுத்தோங் சந்தையில் கடை வைத்திருப்பவருக்கும் அழைப்பு வருகிறது, அங்கிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வருபவருக்கும் வருகிறது. "உங்களுக்குத் தனிநபர் கடன் தயார், ஒப்புதல் கிடைத்துவிட்டது" என்கிறது கைப்பேசிக் குரல். அவர் கடன் கேட்டிருக்கவே மாட்டார். மோட்டார் சைக்கிள் தவணையை மாதம் தவறாமல் கட்டிவந்திருப்பார், அவ்வளவுதான்.

அந்த ஒழுங்குதான் கடன் விற்பவருக்குச் சரக்கு. ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்தால் திருப்பிக் கட்ட முடியாதவர்களும் விண்ணப்பிப்பார்கள். அந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்து நிராகரிப்பதற்கும் செலவுண்டு. ஒழுங்காகக் கட்டுபவர் யார் என்று முன்பே தெரிந்தால், அழைக்க வேண்டியவரை மட்டும் அழைக்கலாம். விற்பனைப் பிரிவின் கண் கடனறிக்கை மீது விழுவது இதனால்தான்.

மலேசியாவில் அந்த விவரங்களின் பெரிய களஞ்சியம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். 2001 முதல் இயங்கும் இந்த முறையில் ஒருவரது நிலுவைக் கடன்கள், கடந்த 12 மாதத் தவணை வரலாறு, புதிதாகப் போட்ட கடன் விண்ணப்பங்கள் எல்லாம் பதிவாகின்றன. கறுப்புப் பட்டியல் என்று அதில் எதுவும் கிடையாது. தனியார் துறையில் 1990-இல் தொடங்கிய சி.டி.ஓ.எஸ். நிறுவனம் 300 முதல் 850 வரை மதிப்பெண்ணும் போடுகிறது.

இந்தக் கடனறிக்கையை விற்பனையாளர் படிக்கும் விதமே வேறு. கடன் அட்டையில் பெரிய நிலுவை தெரிந்தால், "அதை எங்கள் அட்டைக்கு மாற்றுங்கள், வட்டி குறையும்" என்பார். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் மறுநிதியளிப்பு. கார் கடன் முடியப்போகிறதென்றால், அடுத்த மாதம் முதல் அந்தக் குடும்பத்தின் கையில் சில நூறு ரிங்கிட் மிஞ்சும் என்று பொருள். அது பிள்ளையின் படிப்புக்குப் போகுமுன் புதிய தவணையாக மாற வேண்டும் என்பது அவர் கணக்கு. நெருக்கடியில் இருப்பவரும் தப்புவதில்லை. பழைய கடன்களை ஒன்றாகச் சேர்த்து அடைக்கப் புதிய கடன் அவரிடம் நீட்டப்படுகிறது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே வழிவிடுகிறது. உறுதியான கடன் வாய்ப்பைத் தருவதாக இருந்தால், கடன் தருபவர் வாடிக்கையாளரைக் கேட்காமலே தகுதியுள்ளோர் பட்டியலைக் கடன் தகவல் நிறுவனங்களிடம் வாங்கலாம். அந்தப் பார்வை மதிப்பெண்ணைக் குறைக்காது; வேண்டாம் என்பவர் பெயரை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த கையோடு போட்டி நிறுவனங்களின் அழைப்புகள் குவிந்ததால், அதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் 2025-இல் வந்தது.

மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனச் சட்டம் ஒப்புதலை முன்வைக்கிறது. வாடிக்கையாளரின் சம்மதமில்லாமல் தனியார் நிறுவனம் அறிக்கையைக் கொடுக்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சம்மதம் எங்கே பெறப்படுகிறது? சாதனக் கடையில் குளிர்பதனப் பெட்டிக்குத் தவணை போடும் அவசரத்தில், பாரத்தின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துகளில். கடனைப் பரிசீலிக்கத் தரும் சம்மதமும், விற்பனைக்குத் தொடர்புகொள்ளத் தரும் சம்மதமும் வெவ்வேறு. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து வாங்குவது நியாயமில்லை.

அழைப்பவர் எல்லாருமே அறிக்கையைப் பார்த்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. சம்பளம் எந்த வங்கியில் விழுகிறதோ, அந்த வங்கிக்குத் தன் சொந்தக் கணக்குகளே போதும். ஆலோங்குகள் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களும் மோசடிக்காரர்களும் அதே "ஒப்புதல் கிடைத்துவிட்டது" வசனத்தைத்தான் சொல்கிறார்கள். கடன் தருமுன் கட்டணம் கட்டச் சொன்னால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ள வேண்டும்.

தன் அறிக்கையை முதலில் படிக்க வேண்டியவர் அதற்குரியவர்தான். ஈ-சி.சி.ஆர்.ஐ.எஸ். இணையத்தளத்தில் அதை இலவசமாகவே பார்க்கலாம். தான் போடாத விண்ணப்பம் ஏதாவது அதில் இருந்தால் உடனே கேள்வி கேட்கலாம். கடன் கழுத்தை நெரிப்பவர்களுக்கு 2006-இல் பேங்க் நெகாரா தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏ.கே.பி.கே. கட்டணமில்லாமல் ஆலோசனை சொல்கிறது. 1969 முதல் செயல்படும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே முறையிடலாம்.

அழைப்புகளை நிறுத்தவும் வழி உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, நேரடி விற்பனைக்குத் தன் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிறுவனத்துக்கு யாரும் எழுதிக் கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகும் அழைப்பு வந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். ஆணையரின் உத்தரவையும் மீறும் நிறுவனத்துக்கு 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.