உங்களுக்குத் தெரியுமா? - ஐ.எஸ்.எல். முதல் சீசன்

எண்ணூரில் மின்சார ரயில் ஏறினால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை தாண்டி சென்ட்ரல். அங்கிருந்து நேரு ஸ்டேடியம் பொடிநடை தூரம்தான். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியவர்களை வடசென்னைக்காரர்கள் இப்படித்தான் போய்ப் பார்த்தார்கள். மெட்ரோ ரயில் அப்போது ஓடத் தொடங்கவில்லை. அந்த 70 நாள் திருவிழாவிலிருந்தும் அதையொட்டியும் சில செய்திகள்.

● முதல் கோல்: 2014 அக்டோபர் 12, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். எட்டு அணிகளின் லீக்கில் முதல் கோலை அடித்தவர் எத்தியோப்பியாவின் ஃபிக்ரு டெஃபெரா. அன்று அட்லெட்டிகோ டி கொல்கத்தா 3-0 என்று மும்பையை வென்றது.

● பெயரில் தமிழ்: 'சென்னையின்' என்று சொன்னால் அடுத்து ஒரு சொல் வந்தாக வேண்டும். 'சென்னையின் எஃப்.சி.' என்னும் பெயர் அப்படி அமைந்ததுதான். அதாவது, சென்னையின் ஃபுட்பால் கிளப். அபிஷேக் பச்சன், வீட்டா டானி, மகேந்திர சிங் தோனி மூவரும் உரிமையாளர்கள். மூவருமே வெளியூர்க்காரர்கள் என்றாலும் பெயர் மட்டும் நம்ம ஊர் மொழியில் நிலைத்துவிட்டது.

● நம் கணக்கைத் தொடங்கியவர்: அக்டோபர் 15, கோவாவின் ஃபடோர்டா மைதானம். சென்னையின் வரலாற்றில் முதல் கோல் பல்வந்த் சிங் அடித்தது. பிரேசிலின் எலானோ ஃப்ரீ கிக்கில் இன்னொன்று சேர்க்க, 2-1 வெற்றி. ஆறு நாள் கழித்து நேரு ஸ்டேடியத்தில் முதல் உள்ளூர் ஆட்டம். கேரளா பிளாஸ்டர்ஸும் அதே 2-1 கணக்கில் தோற்றது.

● காயத்தோடு முதலிடம்: எலானோ 2010 உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக இரண்டு கோல் அடித்தவர். சென்னைக்கு வந்து, சீசன் நடுவே காயத்தால் சில ஆட்டங்களில் உட்கார நேர்ந்தது. ஆனாலும் 8 கோல்களுடன் முதல் சீசனின் தங்கக் காலணி அவருக்கே கிடைத்தது.

● ஆறு உலக சாம்பியன்கள்: அந்த ஒரே சீசனில் உலகக் கோப்பை வென்ற ஆறு பேர் இங்கே ஆடினார்கள்: டெல் பியரோ, பிரெஸ், ட்ரெசகே, காப்டெவிலா, மட்டராஸி, நெஸ்டா. கடைசி இருவரும் சென்னை சட்டை போட்டவர்கள். மட்டராஸி வீரர் மட்டுமல்லாமல் பயிற்சியாளராகவும் இருந்தார். 2006 இறுதி ஆட்டத்தில் ஜிடேன் தலையால் முட்டியது இவரைத்தான். அதே ஆட்டத்தில் இத்தாலிக்காக கோல் அடித்ததும் இவர்தான்.

● முதலிடம் பிடித்தும் கோப்பை இல்லை: 14 லீக் ஆட்டங்களின் முடிவில் பட்டியலின் உச்சியில் சென்னை, 23 புள்ளிகள். ஒரு புள்ளி குறைவாக கோவா இரண்டாமிடம். இரண்டு அணிகளுமே அரையிறுதியில் வெளியேறின. மூன்றாம், நான்காம் இடக்காரர்கள்தான் இறுதிக்குப் போனார்கள். லீக்கில் முதலிடம் பிடிப்பவருக்கென்று தனிக் கேடயம் வந்தது 2019-20 சீசனில்தான்.

● மறக்க முடியாத இரவு: டிசம்பர் 13, கொச்சி. அரையிறுதியின் முதல் சுற்றில் கேரளாவிடம் 0-3 தோல்வி. மூன்று நாள் கழித்து நேரு ஸ்டேடியம். சில்வெஸ்டர் அடித்தார். பிறகு கேரள வீரர் ஒருவர் தன் வலைக்குள்ளேயே பந்தைத் திருப்பிவிட்டார். 90-வது நிமிடத்தில் ஜேஜே மூன்றாவது கோல் போட, மொத்தக் கணக்கு 3-3. அரங்கம் எழுந்து நின்று ஆடியது. கூடுதல் நேரம். 117-வது நிமிடத்தில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரு கோல் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அன்று உடைந்த மனங்களுக்கு மறு வருடமே மருந்து கிடைத்தது. 2015-ல் கோப்பை சென்னைக்கு வந்தது.

● கடைசி மூச்சில் கோப்பை: டிசம்பர் 20, மும்பை. 90 நிமிடம் தாண்டியும் கோல் இல்லை. காயங்களுக்கான கூடுதல் நேரத்தில் முகமது ரஃபீக் தலையால் முட்ட, கொல்கத்தா 1-0. இத்தனை வெளிநாட்டு நட்சத்திரங்கள் வந்த சீசனின் கோப்பையை முடிவு செய்தது ஒரு வங்காளத்துப் பையனின் கோல்!

● ஐந்திலிருந்து ஏழு: முதல் சீசனில் களத்தில் நிற்கும் பதினொரு பேரில் ஐந்து பேராவது இந்தியராக இருந்தாக வேண்டும். 2017-ல் அது ஆறானது, 2021-ல் ஏழு. ஒரு அணிக்கு இரண்டு இடம் கூடினால் எத்தனை வீடுகளில் அடுப்பெரியும் என்பது மைதானத்தில் பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்களுக்குத் தெரியும்.

● படம் முந்தியது: 2014 செப்டம்பர் 26 அன்று வெளியான பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வியாசர்பாடியில் நடக்கும் கதை. நாயகன் காளி கால்பந்து ஆடுபவன். லீக்கின் முதல் விசில் ஊதியது அதற்குப் பதினாறு நாள் கழித்துத்தான்.

● 'குட்டி பிரேசில்' பிள்ளைகள்: வியாசர்பாடிக்கு இப்படியொரு பெயர் உண்டு. அங்கிருந்து வந்த தன்பால் கணேஷ், 2017-18-ல் கோப்பை வென்ற சென்னை அணியின் நடுக்கள வீரர். வடசென்னையின் இன்னொரு பிள்ளை நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் அடித்து, அந்த அணியை வெல்லத் துடித்த ஈஸ்ட் பெங்காலின் நான்கரை ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்தார். கொல்கத்தாவே நம்ம பையனின் பெயரைச் சொல்லிக் கூத்தாடியது.

● தொழிலாளர் ஆட்டம்: உலகின் முதல் கால்பந்து லீக் 1888-ல் இங்கிலாந்தில் 12 அணிகளோடு தொடங்கியது. 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் ப்ரெஸ்டன் நார்த் எண்ட் சாம்பியன் ஆனது. மான்செஸ்டர் யுனைடெட் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய கிளப். வெஸ்ட் ஹாமின் வேர் தேம்ஸ் நதிக்கரையின் கப்பல் கட்டும் பட்டறையில். இந்தியாவின் முதல் தேசிய லீக்கை 1996-97-ல் வென்றதும் ஜே.சி.டி. என்ற நூற்பாலை அணியே. துறைமுகமும் ரயிலும் ஆலையும் இருக்கும் இடத்தில் இந்த ஆட்டம் வேர்விடும் என்பதற்கு ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நம் பகுதியே சாட்சி.

● பெண்களின் முதல் சீசன்: இந்திய மகளிர் லீக்கின் முதல் சீசன் 2016-17. கோப்பை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்கு. 2018-19-ல் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது மதுரையின் சேது எஃப்.சி.

● ஒரு கிரவுண்டுக்கு 32 கிரவுண்டு: முழு அளவு கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அப்படியானால் ஒரு களத்துக்கு 32 கிரவுண்டு நிலம் வேண்டும். கன்டெய்னர் அடுக்க ஏக்கர் ஏக்கராக இடம் இருக்கும் வடசென்னையில், பிள்ளைகள் ஓட இந்த 32 கிரவுண்டு கிடைப்பது அரிது. உங்கள் தெருவில் இன்னும் ஒரு திடல் மிச்சமிருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். அடுத்த தன்பால் கணேஷ் இன்று சாயங்காலம் அங்கேதான் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருப்பான்.