பூசணி விளக்கும் கல்லறை விளக்கும்

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுப் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ஓடும் ரயில்கள், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி கதவடைத்த நாள் முதலாகக் கோலார் தங்கவயலின் ஜீவநாடியாகவே ஆகிவிட்டன. சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களின் மக்களும் பேரமக்களும் அந்த ரயில்களில் ஏறித் தலைநகரத்தின் ஆபீசுகளிலும் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஊழியம் செய்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். திரும்பும்போது சம்பளத்தோடு பட்டணத்துப் பழக்கவழக்கங்களும் கூடவே வருவது இயற்கை. அக்டோபர் மாதத்துக் கடைசி வாரத்தில் பெங்களூரின் பெரிய அங்காடிகளில் ஆரஞ்சு நிறப் பூசணியும் கறுப்பு வௌவாலும் வெள்ளைப் பேயும் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தொங்கவிடப்பட்டிருப்பதைக் கண்டுவந்த குழந்தை, "நம்ம வீட்டுலயும் இப்படி வைக்கலாம்ப்பா" என்று ஒருநாள் கேட்டுவிட்டால், விலையை நினைத்து மறுப்பதா, கடன்பட்டேனும் வாங்கிக் கொடுப்பதா, அந்நிய நாட்டுக் கூத்து நமக்கு எதற்கு என்று கடிந்துகொள்வதா என்று அந்தத் தகப்பனார் தடுமாற வேண்டிய அவசியமே இல்லை. இந்த மூன்றையும்விட மேலான நாலாவது வழி ஒன்று தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது.

ஹாலோவீன் என்று இன்று உலகமெங்கும் அழைக்கப்படும் அந்த இரவு, கிறிஸ்தவ நாட்காட்டியில் தனித்து நிற்கும் ஒன்றல்ல. நவம்பர் 1-ஆம் தேதி சகல அர்ச்சிஷ்டவர்களின் திருநாள். அதற்கு முந்தின இரவே ஹாலோவீன். அடுத்த நாளாகிய நவம்பர் 2, மரித்த ஆத்துமாக்கள் அனைவருக்காகவும் ஜெபிக்கும் நாள். பிரான்ஸ் தேசத்துக் குளூனி மடத்தின் தலைவரான ஓடிலோ என்பவர் 998-ஆம் ஆண்டளவில் தம் மடங்களில் ஏற்படுத்திய அந்த வழக்கத்தைத்தான் நம் மக்கள் கல்லறைத் திருநாள் என்று அனுஷ்டித்து வருகிறார்கள். ஆக மூன்று நாட்களும் சேர்ந்து ஒரே திருவிழா. அந்தத் திருவிழாவில் அலங்காரம் என்பது பழைய நாட்களில் எவ்வளவு எளிமையாக இருந்தது என்பதை அறிந்தால், கடையில் விற்கும் பிளாஸ்டிக் மண்டையோட்டுக்கு மனம் இடம் கொடாது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வயலில் விளைந்த டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே ஒரு துண்டு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்தார்கள். பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் ஜனங்கள், அங்கே கிழங்கைக் காட்டிலும் பெரியதும் மென்மையானதுமான பூசணி மலிந்து கிடக்கக் கண்டு அதைக் குடையத் தலைப்பட்டார்கள். இங்கிலாந்தின் ஏழைகள் அந்நாட்களில் வீடு வீடாகச் சென்று, மரித்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லிச் சிறு அப்பங்களை வாங்கிக்கொள்வது வழக்கமாயிருந்தது. ஏழை தன் கையில் கிடைத்ததைக் கொண்டு இருட்டையும் சாவையும் எதிர்கொண்ட ஒரு பண்டிகைக்காக அமெரிக்க மக்கள் 2023-ஆம் ஆண்டில் 1,220 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று அந்நாட்டுச் சில்லறை வணிகர் சம்மேளனம் கணக்கிட்டது. இது வளர்ச்சி அல்ல, விகாரம் என்பதே என் அபிப்பிராயம்.

தங்கவயலுக்கும் இந்தப் பண்டிகையின் பிறப்பிடங்களுக்கும் உள்ள சம்பந்தம் பெங்களூரின் அங்காடிகள் எழும்புவதற்கு நூறாண்டுகளுக்கு முந்தையது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியார் இங்கே தங்கம் தோண்ட வந்தபோது, சுரங்க வேலையில் கைதேர்ந்தவர்களை இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பிரதேசத்திலிருந்து அழைத்துவந்தார்கள். அந்தக் கார்ன்வாலில் அக்டோபர் 31-ஆம் நாள் ஆலன்டைடு என்ற பெயரில் கொண்டாடப்பட்டது. பளபளக்கத் துடைத்த செந்நிற ஆப்பிள் ஒன்றைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும், அதைத் தலையணைக்கு அடியில் வைத்து அவர்கள் உறங்குவதும் அதன் சம்பிரதாயம். ஒரு பழம், அவ்வளவுதான் செலவு. அவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளிகள் களிமண் உருண்டையில் மெழுகுவர்த்தியைப் பதித்துத் தொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பூமிக்குள் இறங்கியவர்கள். பாறைக்குள் குடியிருந்து சுவரைத் தட்டும் சிற்றாவிகள் உண்டென்று நம்பி, தாங்கள் உண்ட பண்டத்தின் விளிம்பை அவற்றுக்கென்று விட்டுவைத்தவர்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்ய வட ஆற்காட்டிலிருந்தும் தென் ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சேர்ந்த தமிழ் மக்களோ, மூங்கில் தட்டிகளால் அடைத்த குடிசை வரிசைகளில் குடியேறி, தங்கள் ஊர்த் தெய்வங்களையும் அச்சங்களையும் நம்பிக்கைகளையும் உடன் கொண்டுவந்தார்கள்.

ஆகையால் பயங்கர முகத்தை வீட்டு வாசலில் மாட்டுவது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. புது வீடு கட்டும்போது சாம்பல் பூசணியில் உருட்டு விழியும் கோரைப் பல்லும் தொங்கும் நாக்கும் எழுதித் திருஷ்டிக்கென்று கட்டித் தொங்கவிடுகிறோம். ஆயுத பூஜையன்று பூசணியைத் துளையிட்டுக் குங்குமமும் சில்லறைக் காசும் இட்டு வாசலில் உடைக்கிறோம். வட ஆற்காட்டுப் பக்கத்திலும் மேல்மலையனூரிலும் மகா சிவராத்திரிக்கு அடுத்து நிகழும் மயானக் கொள்ளையில், காளி வேஷம் தரித்தவர்கள் சுடுகாட்டுக்கே ஊர்வலமாகச் சென்று ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு, காகிதப் பேயைக் கண்டு வியப்பு ஏற்பட நியாயமில்லை. புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு முன்னோர்களை வரவழைத்து உபசரிப்பதும், அதற்குச் சில வாரங்களுக்குள் கிறிஸ்தவர்கள் கல்லறைக்குச் செல்வதும் ஒரே ஊரில், பல குடும்பங்களில் ஒரே உறவினருக்குள்ளேயே, அடுத்தடுத்து நிகழ்கின்றன.

இனி, நான் சொன்ன நாலாவது வழியாகிய, காசில்லாமலோ மிகக் குறைந்த காசிலோ நம் கையாலேயே செய்யக்கூடிய அலங்காரங்களுக்கு வருகிறேன். பூசணி விளக்குக்கு மஞ்சள் பூசணிதான் தகும். நம் சந்தைகளில் கிடைப்பது சப்பையாகவும் சதை தடித்தும் இருப்பதால், சிறிய காயாகப் பார்த்து வாங்கி, காம்பைச் சுற்றி மூடியை நேர்க்குத்தாக வெட்டாமல் உள்நோக்கிச் சாய்வாக வெட்ட வேண்டும்; அப்படி வெட்டினால்தான் மூடி உள்ளே விழாது. கரண்டியால் விதையையும் நாரையும் வழித்தெடுத்து, முகம் வரும் பக்கத்துச் சுவரை ஒரு விரற்கடைக் கனத்துக்குச் சுரண்டிவிட்டால் கண்ணும் வாயும் வெட்டுவது சுலபம். சுரண்டிய சதை அன்றைய கூட்டுக்கும் சாம்பாருக்கும் ஆகும்; விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் குழந்தைகளுக்குத் தின்பண்டம். மூடியில் புகை போக ஒரு துளையிட்டு, உள்ளே அகல் விளக்கை வைக்கலாம். வெட்டிய ஓரங்களில் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால், தங்கவயலின் குளிர்ந்த ஐப்பசிக் காற்றில் இரண்டு மூன்று நாட்கள் வாடாமல் இருக்கும்.

வெள்ளைப் பேய்க்கு ஜவ்வரிசிக் கஞ்சியும் நைந்துபோன மல் வேட்டித் துண்டும் போதும். ஒரு பாட்டிலின் மேல் செம்பைக் கவிழ்த்து, கெட்டிக் கஞ்சியில் தோய்த்துப் பிழிந்த துணியை அதன் மேல் போர்த்தி, மடிப்புகளைக் கையால் இழுத்துவிட்டு ஒரு பகல் வெயிலில் காயவைத்தால், உள்ளிருப்பதை எடுத்த பிறகும் துணி மட்டும் விறைத்து நிற்கும்; இரண்டு கரித்துண்டுக் கோடுகளில் அதற்குக் கண் வந்துவிடும். உடைந்த குடையின் கறுப்புத் துணியைக் கம்பிகளின் இடையே வெட்டியெடுத்தால் வௌவாலின் இறக்கை தானாகவே அமைந்திருக்கக் காணலாம். சிலந்தி வலைக்கு விளக்குத் திரிப் பஞ்சை மெல்லியதாக இழுத்து ஜன்னல் கம்பிகளில் சுற்றலாம். ஆனால் வீட்டுக்கு வெளியே மரஞ்செடிகளில் சுற்ற வேண்டாம், குருவிகளின் கால்கள் சிக்கிக்கொள்ளும்.

இவற்றிலெல்லாம் சிறந்தது டின் விளக்கு. காலியான பால் மாவு டின் ஒன்றை எடுத்து, அதில் ஈர மணலை இறுக்கிக் கிட்டித்து நிரப்ப வேண்டும். மணல் இல்லாமல் ஆணி அடித்தால் தகரம் உள்வாங்கிக் கோணிப்போகும். பேய் முகமோ நட்சத்திரமோ சிலுவையோ, வேண்டிய உருவத்தைப் புள்ளிகளால் காகிதத்தில் எழுதி டின்னைச் சுற்றி ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இந்த வேலையைப் பெரியவர்கள் அருகிலிருக்கப் பத்து வயதுப் பிள்ளை ஆசையோடு செய்யும். புள்ளிகள் எல்லாம் முன்பாதியிலேயே இருக்கட்டும். பின்பாதியைத் துளையில்லாமல் விட்டுக் காற்றடிக்கும் திசைக்கு முதுகாக வைத்தால், உள்ளிருக்கும் சுடர் அசையாது நிற்கும். மணலைக் கொட்டும்போது அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு விட்டுவைத்தால் மெழுகுவர்த்தியை ஊன்ற வசதியாகும்; வாயருகே இரண்டு துளையிட்டுக் கட்டுக்கம்பியைக் கோத்தால் பிடி. இருட்டில் ஏற்றி வைத்துப் பார்த்தால், புள்ளி ஒவ்வொன்றும் நீண்டு விரிந்து எதிர்ச்சுவரில் அந்த முகம் ஓர் ஆள் உயரத்துக்குத் தோன்றும்.

இந்தக் கைவேலை தங்கவயல் மக்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. டிசம்பர் பிறந்தால் மூங்கிலைப் பிளந்து சீவி, சம நீளமுள்ள ஐந்து சிம்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்து ஒரு நட்சத்திரமும், அதே அளவில் இன்னொன்றும் கட்டி, இரண்டையும் ஐந்து முனைகளிலும் சேர்த்துப் பிணைத்து, நடுவே ஐந்து சிறு குச்சிகளால் உப்பவைத்து, மைதாப் பசையால் வண்ணத்தாள் ஒட்டி வாசலில் தொங்கவிடுவது நம்மவர்களுக்குப் பழகிய கலை. அந்தக் கை கல்லறைத் திருநாளிலும் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி மழையில் அமிழ்ந்துபோன மண்மேட்டைச் செம்மண் கொட்டிச் செப்பனிட்டு, ஈரக் கையால் நீவி வழவழப்பாக்கி, சுற்றிலும் சுண்ணாம்பு பூசிய கற்களை வரிசையாகப் பதித்து, மேட்டின் மீது சாமந்தி இதழ்களால் சிலுவை எழுதுகிறார்கள். சலவைக்கல் பதித்த கல்லறைக்குப் பக்கத்தில் இம்மண்மேடு அழகில் சற்றும் தாழ்ந்துபோவதில்லை. சாயங்காலம் ஆகவும் மெழுகுவர்த்திகளைக் காற்று அணைக்காதபடி, கொட்டாங்கச்சியோ உடைந்த சட்டியோ கிழித்த அட்டைப்பெட்டியோ எது கிடைத்தாலும் அரணாக்கிவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். தங்கவயலில் எலும்புக்கூட்டு அலங்காரம் வேண்டாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறி உயிரிழந்தவர்களும், கல்தூசியைச் சுவாசித்துச் சிலிகோசிஸ் நோயால் மார்பு வற்றி, விலா எலும்புகள் தெரிய வருஷக்கணக்கில் இருமிச் செத்தவர்களும் இந்த லைன்களில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய விதவைகளும் பிள்ளைகளும் இன்னும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். வேறிடத்தில் விளையாட்டாய்த் தோன்றும் பிளாஸ்டிக் எலும்பு, எதிர்வீட்டுப் பாட்டியின் கண்ணில் எப்படிப் படும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தால் இதை விவரிக்க வேண்டியிராது. பூசணி சிரிக்கட்டும், வௌவால் பறக்கட்டும், பேய் திண்ணையில் நிற்கட்டும். சிறுவர்களின் குதூகலத்துக்கு அவையே தாராளம்.

பிள்ளைகள் ஆசைப்பட்டால் அக்டோபர் 31-ஆம் தேதி இரவு இவற்றையெல்லாம் செய்து வைத்துக் கொண்டாடுங்கள். அதில் பாவமும் இல்லை, அவமானமும் இல்லை. ஆனால் அந்த டின் விளக்கை மறுநாள் குப்பையில் எறிந்துவிடாமல், நவம்பர் 2-ஆம் தேதி சாயங்காலம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். கொள்ளுத்தாத்தா எந்தச் சுரங்கத்தில், என்ன வேலை செய்தார், எப்படி இறந்தார் என்பதை அந்த மண்மேட்டின் அருகில் நின்றே அவர்களுக்குச் சொல்லுங்கள். பூஜையறையில் படம் வைத்துக் கும்பிடும் குடும்பமானால் அந்தப் படத்தின் முன்னே ஏற்றுங்கள். கவனிக்க ஆளில்லாமல் புல் மண்டிய கல்லறை பக்கத்தில் இருந்தால், தமிழனுடையதோ ஆங்கிலேயனுடையதோ என்று பாராமல், அதற்கும் ஒரு விளக்கு வையுங்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தீப்பெட்டியை நனையாதபடி ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்வது நல்லது.