தட்டைத் தாளில் ஆழம் காண்பது எப்படி?

பவானிபூரில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும் காலம் இது. நம் தமிழ்க் குடும்பங்களிடமும் புரோமோட்டர்கள் படத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதிலுள்ள ‘எலிவேஷன்’ எனும் முகப்பு வரைபடம் அகலமும் உயரமும் மட்டுமே சொல்லும். பால்கனி எவ்வளவு வெளியே நீள்கிறது, ஜன்னல் எவ்வளவு உள்ளடங்கியது என்பது தெரியாது. இந்த மூன்றாவது அளவைச் சிற்ப நூல்கள் ‘நிர்கமம்’ என்றன. தஞ்சையில் பிறந்த ராம் ராஸ் அந்நூல்களை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதியது 1834-ல் லண்டனில் அச்சானது.

ஆழத்தைக் காட்ட இரண்டு வழி உண்டு.

முதலாவது, கோட்டின் கனம். 1982-ல் வந்த ஆட்டோகேட் மென்பொருளில் முதலில் நிறத்துக்கொரு பேனா என்று கனத்தைப் பிரித்தார்கள். ‘ஆட்டோகேட் 2000’ முதல் கோட்டுக்கே கனம் கொடுக்கலாம். தரைக்கோடு 0.70 மி.மீ., கட்டட வெளிவிளிம்பு 0.50, முன்தள்ளிய பால்கனி 0.35, ஜன்னல் சட்டம் 0.25, இங்கே ‘கொர்கொரி’ என்கிறார்களே, அந்த மரப்பட்டைகள் 0.13 என வைத்தால் கண்ணுக்கு முன்பின் தெரிந்துவிடும்.

இரண்டாவது, நிழல். வெயில் இடத்தோள் மேலாக வந்து, தாளில் 45 பாகையில் வலப்பக்கம் கீழே சாய்வதாக வைத்துக்கொள்வது மரபு. இதில் ஒரு சூட்சுமம் பாருங்கள்: 2 அடி நீண்ட சன்ஷேடின் நிழல் சுவரில் சரியாக 2 அடி இறங்கும். ஜன்னல் இன்னும் அரை அடி உள்ளே இருந்தால், அங்கே நிழல் இரண்டரை அடி. ஆக, நிழலை அளந்தால் ஆழம் கிடைச்சுடும்! நிழலுக்குத் தனி லேயர் போட்டு, எல்லை வரைந்து, ‘சாலிட் ஹேட்ச்’ சாம்பல் நிறத்தில் நிரப்பி, கோடுகளுக்குப் பின்னால் தள்ளிவிடணும். 2011 பதிப்பு முதல் நிழலை ஒளி ஊடுருவும்படியும் ஆக்கலாம்.

நிஜ வெயில் வேறு. டிசம்பர் 21 நண்பகலில் கல்கத்தாவில் சூரியன் சுமார் 44 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சுவரில் 2 அடி சன்ஷேடின் நிழல் ஏறக்குறைய 2 அடியே. சென்னையில் அது 2.7 அடி. வடக்குச் சுவரிலோ அப்போது வெயிலே இராது. ஆனாலும் படத்தில் நிழல் போடுவார்கள். அது அளவைக் காட்டத்தான், வெயில் வரும் என்று எண்ணி ஏமாறக் கூடாது.

அளக்காமல் சரக்கு எடுக்கக் கூடாது என்பது வியாபாரிக்குத் தெரிந்த பாடம். கையெழுத்துக்கு முன் நிழல் போட்ட எலிவேஷனைக் கேளுங்கள். பிளானிலுள்ள அளவோடு ஒத்துப்பாருங்கள். இடிபடப்போகும் பழைய வீட்டையும் இதே முறையில் ஒரு படம் வரைந்து வையுங்கள். வீடு போனாலும் அதன் ஆழம் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும்.