விலாவுக்குள் நீர்: அன்றும் இன்றும்

"நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சாம்." புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்களில் இந்தப் பேச்சு தாத்தா காலத்திலும் உண்டு, இப்போதும் உண்டு. கூடவே வரும் கேள்விதான் மாறியிருக்கிறது. அன்று, "நீரை எடுத்தாச்சா?" என்று கேட்டார்கள். இன்று, "நீர் ஏன் சேர்ந்தது?" என்று மருத்துவர் கேட்கிறார்.

அன்று நீரைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் இல்லை. 1816-ல் பாரிசில் மருத்துவர் லென்னக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. ஏழே ஆண்டில், 1823-ல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி திறந்தார்கள். முதுகைத் தட்டிப் பார்த்து, மூச்சொலி எங்கே அடங்குகிறது என்று கேட்டு நீர் நிற்கும் மட்டத்தைச் சொல்லிவிடலாம். எடுக்க ஊசியும் இருந்தது. ஆனால் நம் பக்கத்தில் இந்த நீருக்குப் பெரும்பாலும் காரணமான காசநோய்க்கு மருந்து இல்லை. நீரை எடுத்தாலும் நோய் உள்ளேயே இருந்தது. அதனால்தான் ஊசியின் மேலேயே பழி விழுந்தது: "நீர் எடுக்க ஆரம்பிச்சா அப்புறம் ஆள் தேறமாட்டான்."

காசநோய் மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களிலும் ஐசோநியாசிட் 1952-லும் வந்தன. அதற்கு முன் பாலும் முட்டையும் நல்ல காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். வசதி உள்ளவர்கள் தாம்பரம் சானடோரியம் போனார்கள். நாற்று நடப் போனால்தான் சோறு என்ற வீட்டில் ஓய்வுக்கு எங்கே போவது? அந்த வீடுகளுக்கு வழி திறந்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. நுரையீரல் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமானார்கள் என்று 1959-ல் அது காட்டியது.

புதுச்சேரியிலும், 1964-ல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற மருத்துவக் கல்லூரி கோரிமேட்டில் வளர்ந்தது. அரசு மார்பு நோய் மருத்துவமனையும் அங்கேதான். இன்று பாகூர் கொம்யூனுக்குள்ளேயே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

நீர் எடுக்கும் விதமும் மாறிவிட்டது. நோயாளியைக் கட்டில் ஓரம் உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு, அதன்மேல் கைகளை மடக்கிச் சாயச் சொல்கிறார்கள். ஸ்கேனில் நீரைக் கண்ணால் பார்த்து இடம் குறிக்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபின், விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசி இறங்குகிறது; கீழ்விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளிர்மஞ்சள் நீர் இறங்க இறங்க, அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரிந்து இருமல் வரும். வழக்கமாக ஒன்றரை லிட்டருக்கு மேல் ஒரே மூச்சில் எடுக்கமாட்டார்கள். சட்டென்று விரிந்தால் நுரையீரலுக்குள்ளேயே நீர் கசியலாம்.

எடுத்த நீரை அன்று கொட்டியிருப்பார்கள். இன்று அதுதான் சாட்சி. புரதமும் எல்.டி.எச். நொதியும் எவ்வளவு என்று ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை ரிச்சர்ட் லைட் குழுவினர் 1972-ல் வகுத்தார்கள். புரதம் குறைவு என்றால் இதயம், ஈரல், சிறுநீரகம் பக்கம் பார்வை திரும்பும். கால் வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறவருக்குப் பல நேரம் ஊசியே வேண்டாம், சிறுநீரைப் போக்கும் மாத்திரை போதும். புரதம் மிகுந்து ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவும் கூடியிருந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். ரத்தம் கலந்து வந்தால் புற்றுநோயையும் தேடுவார்கள். சீழ் என்றால் குழாய் போடவேண்டும்.

காசநோய் என்று உறுதியானால் ஆறு மாத மாத்திரை, இலவசம். சத்துணவுக்கு 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். சில வாரத்தில் காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, ஆள் வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆபத்து அங்கேதான்: "நல்லாயிட்டேனே" என்று இரண்டாம் மாதமே மாத்திரையை விட்டுவிடுவது.

அன்று மருந்தில்லாமல் செத்தார்கள். இன்று தாமதத்தால் சீரழிகிறார்கள். காய்ச்சலோடு ஒருபக்க விலாக்குத்தும் மூச்சுவாங்கலும் சேர்ந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்கவேண்டும், கடையில் கேட்டு வாங்கிய இருமல் மருந்து இரண்டு பாட்டில் காலியான பிறகு அல்ல.