தாகமும் உப்பும்: இரத்தச் சுத்திகரிப்பு நோயாளரின் வீடுகளுக்கு

தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பெரும் நன்மையாகக் கருதுபவர்கள் நாம். அத்தகைய வீடொன்றிலே, "ஒரு மிடறு தண்ணீர் தா மகன்" என்று கேட்கும் வாப்பாவிடம் இல்லையென்று சொல்ல நேர்வது கொடிது. கல்முனை முதல் பொத்துவில் வரையான நமது கரையோர ஊர்களில், சிறுநீரகம் செயலிழந்து இயந்திரத்தின் உதவியுடன் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோரின் வீடுகளில் இது அன்றாட நிகழ்வாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை இன்னும் கடினம்.

ஆரோக்கியமான சிறுநீரகங்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. இயந்திரமோ வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவைகள், ஏறத்தாழ நான்கு மணித்தியாலங்களே வேலை செய்கிறது. சிறுநீர் கழியாத ஒருவர் இடைப்பட்ட நாட்களில் அருந்தும் ஒவ்வொரு லீற்றரும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக உடலிலே சேர்கிறது. கால்கள் வீங்குகின்றன, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. சேர்ந்ததை ஒரே அமர்வில் வெளியேற்ற முனைந்தால் தசைப்பிடிப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்படுகின்றன. ஆகவேதான், முந்திய நாள் கழிந்த சிறுநீரின் அளவுடன் 500 மில்லிலீற்றர் அளவிலேயே வைத்தியர்கள் பொதுவாக அனுமதிக்கின்றனர்.

ஆனால் தாகத்தின் வேர் உப்பிலே இருக்கிறது. இரத்தத்தில் உப்புச் செறிவு கூடும்போது மூளை தண்ணீர் கேட்கிறது. சுமார் 8 கிராம் உப்பு ஒரு லீற்றர் நீரை உடலில் தேக்கி வைக்கும். கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், கடைப் பலகாரம் ஆகியவற்றைப் பரிமாறிவிட்டுத் தண்ணீரை மட்டும் மறுப்பது நோயாளிக்கு இழைக்கும் கொடுமை என்றே நாம் கருதுகிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தத்திலுள்ள மிகையான சீனியும் தாகத்தைத் தூண்டுகிறது. உப்புக்கு மாற்றாக விற்கப்படும் 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றில் பொட்டாசியம் உண்டு. அதனை வாங்கவே கூடாது.

வாய் வரட்சி வேறு விடயம். உமிழ்நீர் குறைவதாலும் சில மருந்துகளாலும் அது ஏற்படுகிறது. இதற்குத் தண்ணீரை விழுங்க வேண்டியதில்லை. குளிர்ந்த நீரால் வாய் கொப்பளித்துத் துப்பலாம். சீனியற்ற சுவிங்கம் மெல்லலாம். ஐஸ் துண்டொன்றை வாயில் அடக்கலாம். ஐஸும் தண்ணீர்க் கணக்கிலேயே சேரும். நாளுக்குரிய அளவைக் காலையிலேயே ஒரு போத்தலில் நிரப்பிச் சிறிய கோப்பையில் அருந்துவது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

நோன்பு காலத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். நோயாளிக்கான சலுகையைச் சூரா பகராவின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாகவே தருகின்றன. அவ்வாறிருந்தும் நோன்பிருந்துவிட்டு, இப்தார் வேளையில் கஞ்சியும் சர்பத்துமாக ஒரேயடியாக அருந்துவோர் உளர். கஞ்சியும் நீர்தான். வைத்தியரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டறிவது அவசியமாகும்.

நோயாளியைப் பார்க்கச் செல்வோர் இளநீரும் பேரீச்சம்பழமும் கொண்டுசெல்வது நமது ஊர்களின் வழக்கம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். இயந்திரத்தை நம்பி வாழ்பவரின் இதயத் துடிப்பையே அது குழப்பிவிடலாம். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வெறுங்கையோடு போகலாம்.