டெஸ்டோஸ்டிரோன் ஜெல்: தந்தை தோளில் தடவும் மருந்து குழந்தையைப் பாதிப்பது எப்படி?

புதுடெல்லி: இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தரங்கப் பகுதியில் முடி வளர்கிறது. பிறப்புறுப்பு வயதுக்கு மீறிப் பெரிதாகிறது. காரணமின்றி ஆவேசம் வருகிறது. பெற்றோர் பதறிப்போய் மருத்துவரை நாட, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எலும்பின் முதிர்ச்சியை அறியும் எக்ஸ்ரே என்று சோதனைகள் நீள்கின்றன. அட்ரினல் சுரப்பியிலோ மூளையிலோ கட்டி இருக்குமோ என்ற அச்சம் குடும்பத்தை வாட்டுகிறது. இத்தகைய நிலையில் மருத்துவர் தந்தையிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: "நீங்கள் ஹார்மோன் ஜெல் ஏதேனும் தடவுகிறீர்களா?"

இக்கேள்விக்கு வலுவான காரணம் இருக்கிறது. எஃப்டிஏ எனப்படும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு, 9 மாதம் முதல் 5 வயது வரையிலான 8 குழந்தைகள் பெரியவர்கள் தடவிய டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லால் பாதிக்கப்பட்டதாக அறிக்கைகள் வந்தன. அதைத் தொடர்ந்து 2009ஆம் ஆண்டு மே மாதம், இந்த ஜெல் பொட்டலங்களில் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று அந்த அமைப்பு உத்தரவிட்டது. ஜெல்லுடனான தொடர்பு நின்றதும் பெரும்பாலான குழந்தைகளிடம் அறிகுறிகள் மறைந்தன. ஆனால், சிலருக்கு உறுப்பின் அளவு வயதுக்கு ஏற்ற நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. எலும்பின் வயதும் உண்மையான வயதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

பத்தில் ஒரு பங்கே உடலுக்குள் செல்கிறது

டெஸ்டோஸ்டிரோன் 1935ஆம் ஆண்டு முதன்முதலாகத் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அதைச் செயற்கையாக உருவாக்கும் வழியைக் கண்ட அடால்ஃப் பியூட்டனான்ட், லியோபோல்ட் ருசிக்கா ஆகியோர் 1939ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசுக்குத் தேர்வாயினர். மருந்து கிடைத்தாலும் அதை உடலுக்குள் செலுத்தும் வழி எளிதாக அமையவில்லை. அப்படியே விழுங்கினால் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும். ஊசியாகப் போட்டால் முதல் சில நாள்கள் அளவு உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசிக்கு முன் வெகுவாகச் சரியும். அதற்கேற்ப மனநிலையும் உற்சாகமும் ஏறி இறங்கும்.

இதற்கு மாற்றாகவே ஜெல் வந்தது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது. ஆல்கஹாலில் கரைக்கப்பட்ட ஹார்மோன் தோலின் மேலடுக்கில் தங்கி, நாள் முழுவதும் சிறிது சிறிதாக ரத்தத்தில் கலக்கிறது. 1 சதவீத ஜெல்லின் 5 கிராம் பொட்டலத்தில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் உள்ளது. அதில் ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது 5 மில்லிகிராம் அளவே உடலுக்குள் செல்கிறது. ஆரோக்கியமான ஆணின் உடல் ஒரு நாளில் சுரக்கும் அளவும் ஏறத்தாழ இதை ஒட்டியதே.

எஞ்சிய பெரும் பகுதி உள்ளே செல்வதில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. பெரியவர் ஒருவருக்கு அது வீணாகும் மருந்து. அவரது தோளில் கன்னம் பதித்து உறங்கும் குழந்தைக்கு அது பெரிய அளவு.

தடவும் முறை

குளித்து, உடலை நன்கு துடைத்த பிறகு காலையில் தோள்பட்டை, மேற்கை ஆகிய இடங்களில் ஜெல்லைத் தடவ வேண்டும். 1 சதவீத ஜெல்லை வயிற்றிலும் தடவலாம். பிறப்புறுப்பில் தடவக் கூடாது. காயமோ புண்ணோ உள்ள இடங்களையும் தவிர்க்க வேண்டும். தடவியவுடன் இரு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால் அது காயும்வரை அடுப்பு, சிகரெட் ஆகியவற்றின் அருகே செல்லக் கூடாது. காய்ந்த பிறகு அந்த இடத்தை ஆடையால் மூட வேண்டும். தயாரிப்பைப் பொறுத்து 2 முதல் 5 மணி நேரம் வரை குளிக்கவோ நீந்தவோ கூடாது.

மூட வேண்டும் என்ற இந்த அறிவுரை நம் நாட்டு வீடுகளில் எளிதில் தவறிப்போகக்கூடியது. வீட்டில் கையில்லாத பனியனோடு இருப்பது நம் ஆண்களின் வழக்கம். கோடையில் அதுவும் இருப்பதில்லை. மருந்து தடவிய தோளும் மேற்கையும் அப்படியே திறந்திருக்கும். குழந்தையைத் தூக்குவதும் தோளில் சாய்த்துத் தூங்க வைப்பதும் அதே கைகள்தாம். ஒரே துண்டைப் பலர் பயன்படுத்துவதும், ஒரே படுக்கையில் பெற்றோரும் குழந்தையும் உறங்குவதும் இயல்பு. எனவே ஜெல் பயன்படுத்துபவர் கை மூடிய சட்டை அணிவதையும், தனித் துண்டு வைத்துக்கொள்வதையும், குழந்தையை நெருங்கி அணைக்கும் முன் அந்த இடத்தைச் சோப்பால் கழுவுவதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கருவில் இருப்பது பெண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியை இந்த ஹார்மோன் மாற்றக்கூடும். மனைவிக்கு முகத்தில் முடி வளர்வதோ, முகப்பரு புதிதாகத் தோன்றுவதோ தெரிந்தால் ஜெல்லையும் சந்தேகிக்க வேண்டும்.

சோர்வு இருந்தால் போதுமா?

போதாது. உடல் சோர்வு, பாலியல் நாட்டக் குறைவு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு நூறு காரணங்கள் இருக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்று உறுதிசெய்ய அறிகுறிகளும் வேண்டும், ரத்தப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 300 நானோகிராமுக்குக் கீழே இருப்பதைக் குறைவாகக் கருதலாம் என்றும், வெவ்வேறு நாள்களில் அதிகாலையில் எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் அவ்வாறு இருக்க வேண்டும் என்றும் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

காலை நேரத்தை வலியுறுத்தக் காரணம், இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்குவதே. உணவு உண்டாலும் குறையும். காய்ச்சலில் படுத்தாலும் குறையும். முதல் பரிசோதனையில் குறைவாகக் காணப்படுவோரில் 30 சதவீதம் பேர் வரை மறுபரிசோதனையில் இயல்பான அளவைக் காட்டுகின்றனர். மாலையில் கொடுத்த ஒரே ஒரு ரத்த மாதிரியின் அடிப்படையில் ஆயுள் முழுவதும் தொடரக்கூடிய சிகிச்சையைத் தொடங்குவது சரியல்ல.

குறைபாடு உறுதியானால் அதன் காரணத்தைத் தேட வேண்டும். கூடுதல் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் கிளைன்ஃபெல்டர் பாதிப்பு, பொன்னுக்கு வீங்கியால் ஏற்பட்ட விந்தகச் சேதம், புற்றுநோய்க்கான கீமோதெரபி, பிட்யூட்டரி சுரப்பிக் கட்டி, தலசீமியா நோயாளிகளுக்கு உடலில் சேரும் இரும்புச்சத்து ஆகியவை முக்கியக் காரணங்கள். இவர்களுக்கு ஜெல் உண்மையான தேவை.

உடல் பருமனாலும் 2ஆம் வகை நீரிழிவாலும் அளவு குறைந்தவர்களின் நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. ஆகவே இந்தியாவில் இந்தப் பிரிவினர் ஏராளம். பருமனானவர்களின் ரத்தத்தில் ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதம் குறைவதால், மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் உடல் பயன்படுத்தும் அளவு இயல்பாக இருக்கலாம். எடையைக் குறைத்தால் பலருக்கு ஹார்மோன் அளவு தானாகவே உயர்கிறது.

முதுமைக்கு மருந்து அல்ல

வயது ஏறும்போது டெஸ்டோஸ்டிரோன் மெல்லக் குறைவது இயற்கை. அதற்காக மட்டும் இம்மருந்தைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று எஃப்டிஏ 2015ஆம் ஆண்டு தெளிவுபடுத்தியது. 65 வயதைக் கடந்த, ஹார்மோன் குறைந்த 790 ஆண்களிடம் ஓராண்டு ஜெல் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளியாயின. பாலியல் நாட்டத்தில் மிதமான முன்னேற்றமும், மனநிலையில் சிறிது மாற்றமும் தென்பட்டன. விளம்பரங்கள் உறுதியளிக்கும் அந்தப் புத்துணர்ச்சியில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

இதயத்துக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு 2023ஆம் ஆண்டு வெளியான 'டிராவர்ஸ்' ஆய்வு ஓரளவு விடை தந்தது. இதய நோய் உள்ள, அல்லது அதற்கான வாய்ப்பு அதிகமுள்ள 45 முதல் 80 வயது வரையிலான 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இதில் பங்கேற்றனர். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை ஜெல் பயன்படுத்தியோரில் 7 சதவீதம் பேருக்கும், மருந்தில்லா ஜெல் பயன்படுத்தியோரில் 7.3 சதவீதம் பேருக்கும் நேர்ந்தன. நிம்மதி தரும் முடிவுதான். ஆனால் சீரற்ற இதயத்துடிப்பு, நுரையீரல் ரத்தக் குழாய் அடைப்பு, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஜெல் குழுவில் சற்றுக் கூடுதலாக இருந்தன. எலும்பை வலுவாக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட மருந்து எலும்பு முறிவைக் குறைக்கவில்லை. மாறாக, ஜெல் குழுவில் முறிவுகள் அதிகம் என்பது 2024ஆம் ஆண்டு வெளியான தொடர் முடிவில் தெரியவந்தது.

குழந்தை வேண்டுவோருக்கு

ஆண்மையைக் கூட்டும் மருந்து என்ற எண்ணத்தில், குழந்தைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் இந்த ஜெல்லை நாடினால் விளைவு நேர்மாறாக அமையும். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதை உணரும் மூளை, விந்தகத்தைத் தூண்டும் சமிக்ஞைகளை நிறுத்திவிடுகிறது. விந்தணு உற்பத்தி சரிகிறது. சிலருக்கு முற்றிலும் நின்றுவிடுகிறது. இந்த விளைவையே அடிப்படையாகக் கொண்டு உலக சுகாதார அமைப்பு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாக ஆய்வு செய்தது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பும், ஆனால் பல மாதங்கள் ஆகும். பிட்யூட்டரி கோளாறால் குறைபாடு ஏற்பட்டு, தந்தையாக விரும்புவோருக்கு ஹெச்சிஜி ஊசி போன்ற வேறு சிகிச்சைகள் உள்ளன.

புரோஸ்டேட் புற்றுநோய், ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களுக்கும், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாற்றைக் கடுமையாகக் கொண்டிருந்து சிகிச்சை பெறாதவர்களுக்கும் ஜெல் பரிந்துரைக்கப்படுவதில்லை. தொடங்கியவர்கள் 3 முதல் 6 மாதங்களுக்குள் ஹார்மோன் அளவு, புரோஸ்டேட் தொடர்பான பிஎஸ்ஏ, ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். இவ்விகிதம் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி அடைப்பு ஏற்படும் வாய்ப்பு உள்ளதால் மருந்தை நிறுத்துவது வழக்கம். ரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் டெஸ்டோஸ்டிரோன் 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் உள்ளது. மருத்துவரின் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். விளையாட்டு வீரர்களுக்கு இது எக்காலமும் தடை செய்யப்பட்ட பொருள். பல மாதங்கள் தடவி வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் திடீரென நிறுத்தவும் கூடாது. உடல் தன் சொந்தச் சுரப்பை மீட்டெடுக்கும் வரையிலான இடைவெளியில் சோர்வும் மனத்தளர்ச்சியும் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.